தொட்டிக்குள் ஏறிய நெட்டு

அந்த வளவில் ஏழு குடித்தனம். வாசல் ஒன்று, கிணறு ஒன்று, நெட்டு கனெக்‌ஷனும் ஒன்று. தண்ணீர் மோட்டாருக்கு முறை வைத்த புத்திசாலிகள் நெட்டுக்கு வைக்கவில்லை. எல்லாரும் எந்நேரமும் படம் பார்ப்பார்கள். பேச்சித்தாய் போனில் மட்டும் வட்டம் சுற்றும்.

அன்றைக்கும் சுற்றியது. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. மணி நாலரை. பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஏற்றப் பார்க்கிறாள், கோடு கால்வாசிகூட நகரவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து போனை முறைத்தாள்.

"என்னட்டி, நெட்டு இழுக்குதா?" என்று வந்து உட்கார்ந்தார் கீழ்வீட்டுச் சங்கரபாண்டி மாமா. வாயைத் திறந்தால் புளுகு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இழுக்கல மாமா, செத்தே போச்சு."

"போன வருசம் நீ லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்பவும் இதே கததான். நான்லா சரிபண்ணேன்! தண்ணி ஏன் வேகமா வருது? தொட்டி உசரத்துல இருக்கு. நெட்டு மட்டும் ஏன் தரையில கெடக்கணும்? ரவுட்டரத் தூக்கி மொட்டமாடித் தொட்டிக்குள்ள வச்சு மூடிட்டேன்."

"தண்ணிக்குள்ளயா?" மாடி வீட்டு ரோஸ்லின் அக்கா படத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வடிச்சிட்டுதான் தாயி. நான் என்ன கிறுக்கனா? வந்துச்சு பாரு பிரஷரு! குழாயத் திறந்தா மெசேஜா கொட்டுது. உன் வீட்டுக்காரன் குளிக்கப் போனான், ஷவர்ல முழுப் படமும் எறங்கிட்டு. இடைவேளைக்கு வெளிய வந்து டீ குடிச்சிட்டுப் போனான்."

"அந்த மனுசன் குளிச்சான்னு சொல்லுதீரே, அதுதான் பெரிய புளுகு," என்றாள் ரோஸ்லின்.

சிரிப்புச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் கேமை விட்டுவிட்டு வந்து படியில் குந்தினார்கள்.

"துபாய்லேர்ந்து என் மச்சினன் வீடியோ கால் போட்டான். நான் அப்பளம் தின்னுக்கிட்டிருக்கேன். பேசிக்கிட்டே கைய நீட்டி எடுத்துட்டாம்லா!"

"பதிலுக்கு ஒண்ணும் குடுக்கலயா மாமா?" என்றான் தம்பிக்காரன்.

"அந்தக் கஞ்சப்பய என்னத்தக் குடுப்பான்? ஒரு கை மணலு. சட்டையெல்லாம் பாலைவனம்."

மற்ற வீடுகளில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த கூட்டமும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. பேச்சித்தாய் தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். கோடு பாதியைத் தாண்டியிருந்தது! சுற்றிப் பார்த்தாள். அவளைத் தவிர ஒருத்தர் கையிலும் போன் இல்லை.

"பொறவு?" என்றாள் அவசரமாக. "நிறுத்தாதீங்க மாமா. பொறவு என்னாச்சு?"

மாமாவிடம் யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பொறவு வேகம் எல்ல மீறிட்டு. நான் அனுப்பாத மெயிலுக்குப் பதில் வருது. என் தங்கச்சி மகளுக்கு மாப்ள பாக்க போட்டோ அனுப்புனேன். மறு நிமிசமே அவ புள்ளைக்கு மொட்ட போட்ட போட்டோ வந்து விழுது. அவ இன்னும் கழுத்தயே நீட்டல! பயந்துபோய் ரவுட்டரக் கீழ எறக்கிட்டேன். இல்லேன்னா இந்நேரம் நம்ம அத்தன பேருக்கும் பதினாறாம் நாள் விசேசம் முடிஞ்சிருக்கும்."

முற்றமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்குள் பேச்சித்தாயின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஐந்து அடிக்க ரெண்டு நிமிஷம் இருந்தது.

"போயிட்டா? பாத்தியாட்டி, தொட்டி வாசம் இன்னும் போகல அந்த ரவுட்டருக்கு!"

"தொட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல மாமா. நீங்க புளுக ஆரம்பிச்சதும் எல்லாரும் போனக் கீழ வச்சிட்டாவ. அதான் போச்சு. அடுத்த வாரம் ஆன்லைன்ல எனக்கு இன்டர்வியூ, ஒரு மணி நேரம். அதுக்குத் தாங்குற மாதிரி பெரிய பொய்யா ஒண்ணு யோசிச்சு வைங்க."