வெறும் ‘நோ’ போதாது

“வெறும் ‘நோ’ போதாது, அம்மா. அதைவிடப் பலமாக மறுக்க இங்கிலீஷில் ஏதாவது சொல்லிக்கொடுங்கள்,” என்றார் ஆவுடையப்பன்.

தாயம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு அவர்தான் தலைமை. காவி கட்டுவதற்கு முன் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். அங்கேயே தங்கியிருந்த ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர்.

“டிரஸ்டி வரும் நேரம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரே கேள்விதான் கேட்பார்,” என்றார் ஆவுடையப்பன்.

கேள்வி வேலியைப் பற்றியது.

ஆசிரமத்தைச் சுற்றி யானைக்குப் பயந்து போட்ட மின்வேலி. அந்தியில் முறைக்காரர் வேலியின் சுவிட்சைப் போட்டுவிட்டு மணி அடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் மற்றவர்கள் முற்றத்தில் இறங்குவார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆவுடையப்பனின் முறை.

மணி கேட்டது. சமையல்கார மாசிலாமணி பாத்திரம் கழுவ இறங்கினார். கிணற்றடியில் யானை நின்றது.

இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைப்பாரா என்று தெரியவில்லை. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவிட்ச் அணைந்திருந்தது.

“நாட் அட் ஆல்,” என்றார் தாயம்மை.

ஆவுடையப்பன் சொல்லிப் பார்த்தார். “காபி வேண்டாம் என்பதுபோல இருக்கிறதே.”

“நோ வே.”

“காலேஜ் பையன்கள் பேச்சு. என் வயசுக்குச் சிரிப்பார்.”

“அப்சல்யூட்லி நாட்.”

“அப்சல்யூட்லி நாட்.” ஆவுடையப்பனின் முதுகு சற்று நிமிர்ந்தது. “இது நிற்கும். இன்னும் பலமாக?”

“ஓவர் மை டெட் பாடி.”

“அப்படியென்றால்?”

“என் பிணத்தைத் தாண்டித்தான் என்று அர்த்தம். இனி நடக்க விடமாட்டேன் என்பதற்குச் சொல்வது. நடந்து முடிந்ததற்கு உதவாது.”



“அது வேண்டாம், அம்மா.”

கீழே கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது.

“நான் மாட்டிக்கொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில் எந்த வாசலில் போய் நிற்பேன்?”

“நீங்கள் மாட்டிக்கொள்ளாவிட்டால்?”

ஆவுடையப்பன் கீரைத் தண்டைப் பார்த்தார்.

“மாசிலாமணியே அணைத்திருப்பார் என்று முடித்துவிடுவார்கள்.”

“பிறகு?”

“வைத்தியச் செலவுக்குக் கையை விரித்துவிடுவார்கள்.”

ஜீப் அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது.

“சரி. நான்தான் டிரஸ்டி,” என்றார் தாயம்மை. “காலையில் சாப்பிட்டீர்களா?”

“இல்லை.”

“ராத்திரி தூங்கினீர்களா?”

“எங்கே அம்மா, இல்லை.”

“மாசிலாமணியைப் போய்ப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“வேலியைப் போட மறந்தீர்களா?”

“அப்சல்யூட்லி நாட்!”

ஓட்டுக்கூரையில் இருந்த அணில் ஓடியது. தாயம்மையின் கை நின்றது.

“தமிழில்,” என்றார்.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அந்தி நினைவுக்கு வந்தது. அடுப்பங்கரையில் ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. மணிக்கயிற்றின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வந்தது. அதற்கு முன்னால் சுவிட்சைத் தொட்டதைத் தேடினார். தினமும் தொட்டது எல்லாம் இருந்தது. அன்றைக்குத் தொட்டது மட்டும் இல்லை.

தாயம்மை காத்திருந்தார்.

வாய் திறந்தபடியே இருந்தது.

வாசலில் ஜீப் நின்றது. கதவு திறக்கும் சத்தம். சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம்.

ஆவுடையப்பன் எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, ‘மறந்துவிட்டேன்’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன?”