எந்த எண்ணெய், டீச்சர்?

"டீச்சர், எந்த எண்ணெய் போட்டா நல்லது?"

பால்வண்ணம் அண்ணாச்சி இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே பியூலாவின் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில் கிடையாது. வேறு யாராவது கேட்டால் போகட்டும் என்று விடலாம். இவர் திருநெல்வேலி டவுனில் வண்டிகளுக்கான எண்ணெய்க் கடை வைத்திருப்பவர். ஊருக்கே எண்ணெய் விற்கிற மனிதர், தன்னைவிட இருபது வயது இளைய பெண்ணிடம் வந்து எண்ணெய் விசாரித்தால் அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன வரும்?

காற்றுத் துப்பாக்கியில் போடும் ஒருவகை ஈயக் குண்டை ஸ்லக் என்பார்கள். டப்பாவைத் திறந்தால் அதன்மேல் ஈயத்தூளும் பிசுக்குமாக இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி உலர்த்தி, துளி எண்ணெயில் புரட்டி எடுத்தால் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். வேலை அவ்வளவுதான். அண்ணாச்சி அதை ஒரு யாகமாகவே ஆக்கிவிட்டார். மதுரைக் கோச் சொன்னது ஒரு எண்ணெய், நாகர்கோவில் கோச் சொன்னது இன்னொன்று. இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பியூலாவிடம் வந்தவர், இப்போது தன் கடை அலமாரியையே வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் கை! மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடுகிற போட்டிக்கு அப்படியொரு அசையாத கையை அவள் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அதனால்தான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. சுடத் தெரியாதவன் தப்பாகச் சுட்டால் யாருக்குக் கோபம் வரும்?

மாநிலப் போட்டிக்குப் போகும் மூத்தோர் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அண்ணாச்சி கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னைய இதுவரைக்கும் யாரும் எதுக்கும் தேர்ந்தெடுத்தது கெடையாது டீச்சர். பள்ளிக்கூடத்துல கபடிக்குக்கூட எடுக்கல." அதைக் கேட்ட பிறகு அவளால் அவரைக் கைகழுவவும் முடியவில்லை.

புதன்கிழமை அவர் சுட்ட அட்டையில் ஓட்டைகள் திசைக்கொன்றாகப் போயிருந்தன.

"நேத்து நல்லாத்தானே சுட்டீங்க?"

"அது பழைய எண்ணெய் டீச்சர். இன்னைக்கு வேற. குழல்ல பழசு ஒட்டியிருக்கப்படாதுன்னு நல்லாத் தொடச்சுட்டேன். கண்ணாடியாட்டம் இருக்கு பாருங்க."

"எத்தனை மட்டம் சொல்லுதேன், தொடைக்காதீங்க, மாத்தாதீங்கன்னு?"

"மாத்தாம எப்படி டீச்சர் நல்லதைக் கண்டுபிடிக்க?"

பியூலா சட்டென்று திரும்பினாள். விறுவிறுவென்று கேண்டீனுக்குள் போனாள். அண்ணாச்சியும் பின்னாலேயே ஓடினார். கேண்டீன்காரர் செல்லையா தடுப்பதற்குள் அவருடைய தோசைக்கல்லைத் தொட்டியில் போட்டு, சோப்பும் கம்பி நாரும் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள்.

"ஐயோ பாவி! வருசக்கணக்காப் பழக்குன கல்லும்மா!" செல்லையா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் பழக்கித் தாரேன். மாவைக் குடுங்க."

கல்லை அடுப்பில் ஏற்றி, எண்ணெய் தடவி, மாவை ஊற்றினாள். தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள். இந்தத் தடவை நல்லெண்ணெய். அதுவும் ஒட்டியது. மறுபடியும் கழுவி, தேங்காய் எண்ணெய். செல்லையா வெளியே போய் நின்றுகொண்டார், பார்க்கச் சகிக்கவில்லை என்று.

அண்ணாச்சிக்கும் பொறுக்கவில்லை.

"என்ன டீச்சர் செய்யுதீங்க? ஒவ்வொரு தோசைக்கும் கல்லைக் கழுவுனா எந்த எண்ணெய ஊத்தி என்ன புண்ணியம்? ரெண்டு, மூணு ஒட்டத்தான் செய்யும். விட்டுப் பிடிச்சாத்தானே கல்லு பழகும்!"

பியூலா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். அவரையே பார்த்தாள்.

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த ஸ்லக் டப்பாவைப் பார்த்தார். டப்பாவோடு சுடுமிடத்துக்குத் திரும்பினார்.

அன்று குழலுக்குள் இருந்த அதே எண்ணெயோடு தொடர்ந்து சுட்டார். முதலில் போன குண்டுகள் கண்டபடி போயின. அவர் துடைக்கும் துணியைத் தொடவில்லை. வியாழக்கிழமை ஓட்டைகள் நெருங்கி வந்தன. சனிக்கிழமை ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அத்தனையும் மறைந்துவிடும். பியூலாவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மகிழ்ச்சியில் செல்லையாவுக்குப் புதுக் கல் ஒன்று வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார், பழையதே திரும்பப் பழகி வருகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். துப்பாக்கிப் பெட்டியைத் திறந்ததும் சந்தன வாசனை அடித்தது. துப்பாக்கியின் மரக்கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

பியூலாவுக்கு என்னமோ உறுத்தியது. ஆனால் மணி அடித்துவிட்டது.

கணக்கில் சேராமல் சுட்டுப்பார்க்க அனுமதித்த சில குண்டுகள் கண்டபடி போயின. அட்டையில் வரிசை வரிசையாக இருந்த வட்டங்களில் முதல் வரிசையும் அப்படியே. இரண்டாவது வரிசை கொஞ்சம் தேவலை. கடைசி வரிசைக்கு வந்தபோது ஒவ்வொரு குண்டும் நட்டநடுவில் இறங்கியது. அதற்குள் அந்த இடம் பாளையங்கோட்டைத் தபால்காரர் ஒருவருக்குப் போய்விட்டது.

பியூலா குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். கண்ணாடியாக மின்னியது.

"தொடச்சீங்களா?"

அண்ணாச்சி தலை குனிந்தார். "நேத்து சாயந்தரம் சாமி கும்பிட்டேன் டீச்சர். ஆயுத பூசைக்கு வண்டியக் கழுவாம பொட்டு வைப்போமா? நல்ல காரியத்துக்குப் போறது, அழுக்கோட கொண்டுபோகப்படாதுன்னு... எண்ணெய மாத்தல டீச்சர். சத்தியமா மாத்தல. குழலை மட்டும்தான் சுத்தமாக்குனேன். ஸ்லக்கையும் இன்னொரு தண்ணி அலசுனேன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சந்தனப் பொட்டைப் பார்த்தாள். கத்த முடியவில்லை. அந்த மனிதர் இதைப் பக்தியாகச் செய்திருக்கிறார், அவரை என்னவென்று திட்டுவது? அவள் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி அட்டையை எடுத்தார். கடைசி வரிசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கடைத்தெருவுக்கு எந்த முகத்தோடு போவது என்று அவர் யோசிப்பது அவளுக்கே தெரிந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"கோயம்புத்தூர்ல ஒரு கோச் இருக்காராம். ரொம்பப் பேரு சொல்லுதாங்க. உங்களுக்கும் நான் தொந்தரவுதான். அடுத்த வருசத்துக்கு அங்கப் போய்ச் சேந்துக்கிடட்டுமா டீச்சர்?"

பியூலா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, சந்தனம் அழியாமல் பார்த்து மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"போங்க அண்ணாச்சி. அங்கயும் மொதத் தோசை ஒட்டத்தான் செய்யும்."