அப்படியாப்பட்டி அணியின் இரண்டாம் பாதி

அப்படியாப்பட்டிக்காரர்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. பொய் சொல்ல மாட்டார்கள், அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்பட மாட்டார்கள், பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். முதல் இரண்டு குணத்தால் ஊருக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதுதான் அவர்களைப் படாதபாடு படுத்தியது.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் சங்கிலிமுத்து. காலையில் மில், மாலையில் மைதானம் என்று இருந்த மனிதர். ஊர்க் கைப்பந்து அணியின் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். அணி முதல் ஆட்டம் ஜெயித்ததும் ஊர் முழுக்க வாரி வழங்குவதற்கென்று அஞ்சு கிலோ மிட்டாய் வாங்கி மில்லில் ஒரு டின்னில் போட்டு வைத்திருந்தார். ஆவணியில் வாங்கியது. மார்கழி பிறந்தபோது டின்னில் பாதி எறும்புதான் இருந்தது.

சுற்றுவட்டாரத்தில் எட்டு ஊர் அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டு தடவை மோத வேண்டும். பொங்கலுக்கு முன்னால் முதல் பாதி, பொங்கலுக்குப் பின்னால் இரண்டாம் பாதி. கடைசி இடத்தில் நிற்கிற அணிக்கு அடுத்த வருஷம் போட்டியில் இடம் கிடையாது. காலியாகிற அந்த இடத்துக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது மேலப்பூலாங்குளம். அது சங்கிலிமுத்துவின் மாமனார் ஊர். அவர்களின் கேப்டன் பால்ச்சாமி, சங்கிலிமுத்துவின் மனைவி பஞ்சவர்ணத்தின் கூடப் பிறந்த தம்பி. தோற்றால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. பொங்கலுக்குள் ஏழு ஆட்டமும் தோற்றாகிவிட்டது.

இத்தனைக்கும் டவுன் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் ஜெபமணி சார் வாரம் மூன்று நாள் சைக்கிளில் வந்து பயிற்சி கொடுத்தார். நல்ல மனிதர். முதல் ஆட்டத்துக்கு முன்னால் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உசிரே போனாலும் பந்தைக் கீழே விடக்கூடாது!"

எதிர் அணி முதல் பந்தை அடித்தது. நெட்டையன் காசிராசன் இரண்டு கையாலும் லபக்கென்று பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நடுவர் விசில் ஊதினார். காசிராசன் விடவில்லை. நாலு பேர் வந்து இழுத்தார்கள். அப்போதும் விடவில்லை. கடைசியில் பஸ்ஸில் மடியில் வைத்து ஊருக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டான். மூன்று நாள் அந்தப் பந்து அவன் வீட்டுத் தொட்டிலில் கிடந்தது.

"பிள்ளையைத் தரையில போட்டுட்டு பந்தைத் தொட்டில்ல போட்டிருக்கீகளே, இது நியாயமா?" என்று அவன் பெண்டாட்டி கேட்டாள்.

"பிள்ளையைப் பத்தி சார் ஒண்ணும் சொல்லலையே" என்றான் காசிராசன்.

இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில். "வலையில கை பட்டா பாயிண்ட் போயிரும். யாரும் வலையைத் தொடாதீங்க" என்று சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் எதிர் அணி வந்து பார்த்தால் மைதானத்தில் இரண்டு கம்பம் மட்டும் மொட்டையாக நிற்கிறது. வலை மூட்டையிலேயே இருக்கிறது. மூட்டையைச் சுற்றி ஆறு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வலை கட்டாத குற்றத்துக்கு ஆட்டம் எதிர் அணிக்குப் போனது.

"வலை கட்டலேன்னா தோல்வியாம். ஆனா நாம தொடலையே! அந்த மட்டும் ஒரு பாயிண்டும் போகலைல்ல" என்று சங்கிலிமுத்து கேப்டன் தவசியைத் தேற்றினார்.

அப்புறம் சார் யோசித்துப் பார்த்து, "பேசாம ஆடுறதாலதான் இவ்வளவு குழப்பம். பந்து வந்தா, 'என் பந்து'ன்னு சத்தமாச் சொல்லுங்கடா" என்றார். பந்து வந்தது. "என் பந்து!" என்று ஆறு பேரும் சொன்னார்கள். பந்து நடுவில் விழுந்து உருண்டு போனது. அதை யார் கவனித்தார்கள்? பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

"நான்தான் மொதல்ல சொன்னேன்."

"நான் வீட்ல கிளம்பும்போதே சொல்லிட்டேன்."

"மூணு நாள் எங்க வீட்டுத் தொட்டில்ல கிடந்த பந்து. ஊருக்கே தெரியும். சாட்சி வேணுமா?" என்றான் காசிராசன்.

ரசிகர் மன்றத்தில் பாதிப் பேர் தவசி பக்கம், பாதிப் பேர் காசிராசன் பக்கம். பஞ்சாயத்து முடிந்து பந்து காசிராசனுக்குத்தான் என்று தீர்ப்பாகிறதற்குள் எதிர் அணி இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு இளநீர் குடிக்கப் போய்விட்டது.

மீதி நாலு ஆட்டமும் இப்படியே. விவரம் எதற்கு?

பொங்கல் முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாப்பில் போட்டிக் குழு ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து மாட்டியது. எட்டு அணிகளின் பெயரும் வரிசையாக எழுதியிருந்தது. அடியில் அப்படியாப்பட்டி. அன்றைக்குச் சாயங்காலம் மில்லில் ரசிகர் மன்றக் கூட்டம்.

"நம்ம அணி மோசம்னு சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தார் சங்கிலிமுத்து. துண்டால் மூக்கைச் சிந்தினார். "இடம்தான் மோசம். கீழே எழுதிட்டாங்க. மேலே எழுதியிருந்தா நாமதான் மொத இடம்."

மன்றச் செயலாளர் மொக்கராசு ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன். "அண்ணே, அதுக்கு ஏன் அழுவுறீங்க? பலகையைக் கழட்டித் தலைகீழா மாட்டிட்டா முடிஞ்சது" என்றான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இப்படி ஒரு மூளையா!

கையோடு போய்த் தலைகீழாக மாட்டினார்கள். அப்படியாப்பட்டி உச்சியில் ஏறிவிட்டது. கைதட்டல், விசில். ஆனால் எழுத்தும் தலைகீழாகிவிட்டதால் யாராலும் வாசிக்க முடியவில்லை. நாமும் தலைகீழாக நின்றால்தான் வாசிக்க வரும் என்று மொக்கராசு சொன்னான். நாற்பத்து மூன்று பேரும் பஸ் ஸ்டாப் சுவரில் காலைப் போட்டுத் தலைகீழாக நின்றார்கள். சங்கிலிமுத்து நிதானமாக ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அப்படியாப்பட்டி.

"அடப்பாவிகளா! நாம குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள எவனோ மாத்திட்டான்!"

காலில் நின்று பார்த்தால் மேலே. தலையில் நின்று பார்த்தால் கீழே. அன்றையிலிருந்து பலகைக்குக் காவலாக ஒருவன் காலிலும் ஒருவன் தலையிலும் நிற்பதென்று முடிவாயிற்று. மாற்றுகிறவனை மட்டும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் ஜெபமணி சார் காதுக்கும் போயிற்று. பலகையை விட்டுவிட்டு இவர்கள் ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, ரசிகர்களைக் கூப்பிட்டு உருக்கமாகப் பேசினார். "முதல் பாதி போனது போகட்டும். பசங்க மனசு ஒடைஞ்சு கிடக்காங்க. இனிமே நீங்கதான்யா அவங்களுக்குத் தோள் கொடுக்கணும்."

சங்கிலிமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தோள்தானே? உயிரையே கொடுப்பார்.

இரண்டாம் பாதியின் முதல் ஆட்டம். எதிர் அணி மைதானத்தில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தது. இந்தப் பக்கம் ஆறு ஆட்டக்காரர்களும் ஆளுக்கொரு ரசிகர் தோளில் உட்கார்ந்திருந்தார்கள். உயரமான காசிராசன் சங்கிலிமுத்துவின் தோளில். மாவு மூட்டை தூக்கிப் பழகிய தோள்தான். ஆனாலும் மூட்டை கால் ஆட்டாது.

முதல் பந்து வந்தது. எங்கே போவதென்று தெரியாமல் காசிராசன் நெற்றியில் மோதி அந்தப் பக்கம் விழுந்தது. அப்படியாப்பட்டிக்கு ஒரு பாயிண்ட்! அந்த வருஷத்தில் அதுதான் முதல். ஊரே எழுந்து ஆடியது. நடுவருக்கு அப்போதுதான் நினைவு வந்து விசிலை வாயில் வைத்தார்.

"என்னய்யா இது? உள்ளே பன்னிரண்டு பேர் நிக்கிறீங்க!"

"இல்லீங்கய்யா" என்றார் சங்கிலிமுத்து, காசிராசனின் முழங்காலுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி. "தரையில இருக்கிற காலை எண்ணிப் பாருங்க. ஆறு பேருக்கு உண்டான கால்தான் இருக்கு."

நடுவர் குனிந்து எண்ணினார். பன்னிரண்டு கால். மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான். கணக்கு சரியாக இருந்ததே அவருக்கு ஆத்திரமாகிவிட்டது. பன்னிரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். எட்டாவது தோல்வி.

பால்ச்சாமி அன்றைக்கு அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். "மாமா, எங்க சட்டைக்கு நம்பர் தைக்கக் கொடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டான். சங்கிலிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு மன்றத்தார் சவ ஊர்வலம் போகிற மாதிரிதான் போனார்கள். போய்ப் பார்த்தால் எதிர் அணி வரவில்லை. அவர்கள் ஊரில் ஒரே நாளில் மூன்று கல்யாணம். ஒரு ஆளும் குறையாமல் பந்தியில் இருந்தார்கள். நடுவர் அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு விசில் ஊதி அப்படியாப்பட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

"என்ன தப்புங்கய்யா செஞ்சோம்?" என்று தவசி பதறிப்போய்க் கேட்டான்.

"ஒரு தப்பும் இல்ல. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

ஜெபமணி சார் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இப்பத்தாண்டா புரியுது. நீங்க ஆடாம இருந்தாத்தான் ஜெயிப்பீங்க."

நொந்துபோய்ச் சொன்ன வார்த்தை. ஆனால் சார் சொன்னதாயிற்றே.

அன்றைக்கு மிட்டாய் டின் திறந்தது. எறும்பை ஊதிவிட்டு ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுக்கொண்டு மில்லில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கு நாம புதுசா என்ன செஞ்சோம்?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"ஒண்ணும் செய்யலண்ணே" என்றான் தவசி.

"எட்டு ஆட்டமா அதைத்தான் செய்யாம விட்டிருக்கோம்!" என்று மொக்கராசு தொடையில் தட்டினான். "ஆடுன எட்டும் தோல்வி. ஆடாத ஒண்ணு வெற்றி. இதுக்கு மேல என்ன வேணும்?"

மீதி ஐந்து ஆட்டத்துக்கும் அப்படியாப்பட்டி அணி ஊரை விட்டுக் கிளம்பவேயில்லை. ஆட்ட நாளன்று ஆறு பேரையும் மில்லுக்குள் உட்காரவைத்து, சங்கிலிமுத்து வாசலில் காவல் இருந்தார். ஆட்ட நேரம் முடிந்ததும் வேட்டுப் போட்டார்கள். சார் சைக்கிளில் இரைக்க இரைக்க வந்து, "ஏண்டா மைதானத்துக்கு வரல?" என்று கத்தினார்.

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம் சார். சத்தம் போடாதீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சார் அந்த மாசமே கைப்பந்து இல்லாத பள்ளிக்கூடமாகப் பார்த்து மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பங்குனியில் போட்டிக் குழுவின் முடிவு வந்தது. பால்ச்சாமி அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றான். முகமெல்லாம் பல். "மாமா, வருத்தப்படாதீங்க. உங்க இடம் எங்களுக்கு வந்துருச்சு."

"சந்தோசம் மாப்ள. அப்ப எங்களுக்கு அடுத்த வருசம் எத்தனை ஆட்டம்?"

"ஒரு ஆட்டமும் கிடையாது மாமா."

சங்கிலிமுத்து எழுந்து நின்றார். "பதினாலும் ஆட வேண்டாமா? பதினாலுமா?"

"ஆமா மாமா…"

அவனை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். "என் மாப்ள! உன் வாய்க்கு சர்க்கரைதான் போடணும்!" அவன் கொண்டுவந்த அல்வாவையே அவன் வாயில் திணித்தார். பால்ச்சாமி மென்றுகொண்டே ஒன்றும் விளங்காமல் ஊருக்குத் திரும்பினான்.

மறு வருஷம் அப்படியாப்பட்டியைப் பிடிக்க முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை, ஒன்றிலும் தோற்கவில்லை. மேலப்பூலாங்குளம் அதற்குள் மூன்று தோற்றிருந்தது. "சின்னப் பய, ஆடியாடிக் கெடுத்துக்கிறான்" என்று சங்கிலிமுத்து பஞ்சவர்ணத்திடம் பரிதாபப்பட்டார்.

ஆனால் ரசிகன் மனசு லேசில் அடங்குமா? முதல் பாதி நன்றாகப் போய்விட்டது, இரண்டாம் பாதியில் சறுக்கிவிடக் கூடாதே என்று கவலை. அதனால் இனிமேல் மில்லில் ஒளிந்திருக்காமல், மைதானத்திலேயே எல்லோர் கண்முன்னாலும் ஆடாமல் இருப்பதென்று முடிவு செய்தார்கள். தை மாதம் முதல் ஞாயிறு. ஊரே திரண்டு சுற்றி உட்கார்ந்தது. கோட்டுக்குள் ஆறு பேரும் சீருடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடாமல் இருந்தார்கள். அரை மணி நேரம் அற்புதமாகப் போனது. ஈ ஒன்று தவசி மூக்கில் உட்கார்ந்தபோது மட்டும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அப்போது எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டு வந்து காசிராசன் மடியில் முட்டியது. அவன் பழக்க தோஷத்தில் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டான்.

"ஆடிட்டான்!" என்று மொக்கராசு அலறினான்.

காசிராசனை வெளியே அனுப்பினார்கள். போகும்போது விக்கி விக்கி அழுதான். இப்போது உள்ளே ஐந்து பேர். ஐந்து பேர் ஆடாமல் இருந்தால் அது செல்லாது, ஆறு பேர் ஆடாமல் இருக்க வேண்டும் என்று மொக்கராசு விதியை எடுத்துச் சொன்னான். மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிஷம்.

சங்கிலிமுத்து எழுந்தார். மாவு படிந்த சட்டையைக் கழற்றினார். காசிராசனின் பனியனை வாங்கி மாட்டினார். அது முழங்கால் வரை வந்தது. பஞ்சவர்ணம் பதறி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு ஆடவே தெரியாதே!"

"அந்தத் தைரியத்துலதானடி இறங்குறேன்" என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார்.