உப்பு ஜாடி இருந்த இடம்

மற்ற பள்ளிகள் கைகழுவிய பெண்களுக்கென்று கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. தேர்வில் தவறியவர்கள், வாயைத் திறக்காதவர்கள், திறந்தால் மூடாதவர்கள், சுவரேறிக் குதித்தவர்கள் எல்லாரும் அங்கே படித்தார்கள். பள்ளியை நடத்தியவள் தமயந்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். பெண்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

அவளிடம் பாடம் கேட்க ஒரு சிஷ்யை வந்து சேர்ந்தார். பெயர் கோமளவல்லி. பெரிய பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதாமல், வெறும் கண்ணாலேயே ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தியவர். தம் ஊரிலும் இப்படி ஒரு பள்ளி தொடங்க ஆசைப்பட்டார். சிஷ்யைக்குக் குருவை விட வயது கூடியிருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோமளவல்லி அதில் ஒரு பிழை கண்டுபிடித்திருப்பார்.

"உங்க வழிமுறையைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார் வந்த அன்றே.

"முதல்ல சாப்பிட வாங்க, மேடம்."

அங்கே சமையல் பெண்களுடைய பொறுப்பு. சமைப்பவள் எல்லாருக்கும் தன் கையால் பரிமாற வேண்டும், பெயர் சொல்லி. அவள் கடைசியில் சாப்பிடுவாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் வழக்கம்.

புதிதாக வந்த இசக்கியம்மாளின் முறை வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், பதினைந்து வயது. அதற்குள் சில பள்ளிகள் பார்த்துவிட்டாள். 'இங்கயும் ஆகலைன்னா தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான்' என்று சொல்லித்தான் சித்தப்பா விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அன்று சாம்பாரில் கை கையாக உப்பு இருந்தது.

உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நான்காகப் பிரித்தார்கள் முன்னோர். அந்தச் சாம்பார் ஐந்தாம் வகை. கோமளவல்லி ஒரு வாய் வைத்துவிட்டுக் குருவைப் பார்த்தார். தமயந்தி மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்ன தண்டனை?"

"அவ இன்னும் சாப்பிடலையே, மேடம்."

இசக்கி கடைசியாகத் தட்டோடு உட்கார்ந்தாள். கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. ஒரு வாய் விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. தட்டைத் தள்ளினாள்.

"வேணும்னுதான் போட்டேன். எப்படியும் அனுப்பத்தான் போறீங்க. இப்பவே அனுப்பிருங்க."

பர்வீன் என்ற பெண் ஏப்பம் விட்டாள். "இதுக்கேவா? போன தடவை நான் பருப்பே போடாம சாம்பார் வச்சேன். அக்கா ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாங்க."

"அது ரசம்னு நினைச்சேண்டி" என்றாள் தமயந்தி.

கூடம் சிரித்தது. இசக்கி மட்டும் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டு முடி. எல்லாரும் கை காயக் காத்திருக்காங்க. நாளைக்கும் நீதான் சமையல்" என்று அவளிடம் சொன்னாள் தமயந்தி.

கோமளவல்லி மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்குமா? உள்ளே ஒரு மூட்டை உப்பு இருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தேன், மேடம். நல்ல கல்லுப்பு."

சிஷ்யர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பழையது, குருவுக்கு உதவி செய்வது. மறுநாள் காலை கோமளவல்லி சமையலறை மேடையில் இருந்த உப்பு ஜாடியைத் தூக்கித் தம் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சமையல் முடிகிற நேரத்தில் போய்த் தாமே அளந்து போடுவதாகத் திட்டம்.

ஜன்னல் வழியே பார்த்தபோது இசக்கி தொரட்டியால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்த்து, முற்றலை ஒதுக்கி, பிஞ்சை மடியில் போட்டுக்கொண்டாள். கோமளவல்லிக்கு ஏதோ உறுத்தியது. ஆனாலும் முன்னெச்சரிக்கை முன்னெச்சரிக்கைதான் என்று சொல்லிக்கொண்டார்.

அவர் அளந்து போடப் போனபோது சமையலறையில் ஆள் இல்லை. சாம்பார் இறக்கி மூடியிருந்தது. இசக்கி கூடத்து வாசலில் தகரப் பெட்டியோடு நின்றாள்.

"என்னடி இது?" என்றாள் தமயந்தி.

"உப்பை ஒளிச்சு வச்சிட்டீங்கல்ல. பெறவு எதுக்கு என்னைச் சமைக்கச் சொன்னீங்க? நான் போறேன்."

தமயந்தி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். மேடையில் ஜாடி இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை.

ஆயிரம் பேரை நிறுத்திய கண்கள் தரையைப் பார்த்தன.

"நான்தான் எடுத்தேன்" என்றார் கோமளவல்லி. "அக்காவுக்குத் தெரியாது. பீரோவில இருக்கு."

கூடத்திலிருந்து பர்வீனின் குரல் கேட்டது. "அப்ப இன்னிக்குச் சாம்பார் யாரோடதுக்கா?"

தமயந்தி கரண்டியை எடுத்துக் கோமளவல்லியிடம் நீட்டினாள். "மேடத்தோடது."

கோமளவல்லி சாம்பார் வாளியோடு முதல் பெண்ணின் முன்னால் குனிந்தார். அந்தப் பெண் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பேர் சொல்லணும், பெரிய டீச்சர்."

கோமளவல்லி வாயைத் திறந்தார். வந்ததிலிருந்து அவர் எல்லாரையும் 'ஏம்மா' என்றே கூப்பிட்டு வந்திருந்தார். வாளி கனத்தது. கைப்பிடி விரலை அறுத்தது.

வாசலில் நின்றவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பீரோ சாவி எங்க?" என்று கேட்டாள்.

கோமளவல்லி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அப்படியே கொடுத்தார். அதில் எல்லாச் சாவியும் இருந்தது. இசக்கி போய் ஜாடியைக் கொண்டு வந்தாள். கொத்தைத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு தட்டில் உப்பைக் கொட்டி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றாள்.

"ஸ்டெல்லா மேரி" என்றாள் காதருகே.

"ஸ்டெல்லா மேரி, சாம்பார்" என்றார் கோமளவல்லி. இசக்கி ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள்.

"இது நெட்டைத் தேன்மொழி. அடுத்தது குட்டைத் தேன்மொழி. ஆனா குட்டைன்னு சொல்லாதீங்க, அழுவா."

வரிசை முடியும் வரை ஒரு பெயர்கூடத் தவறவில்லை. முந்தின நாள் பரிமாறும்போது எல்லாப் பெயரையும் அவள் ஒரு தடவை சொல்லியிருந்தாளே, அது போதுமாக இருந்திருக்கிறது.

கடைசியில் இரண்டு தட்டுகள் மிஞ்சின. கோமளவல்லி தரையில் உட்கார்ந்தார். இசக்கி தகரப் பெட்டியை இழுத்து வந்து, எதிரே போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள். கூடம் முழுக்கக் கை காயக் காத்திருந்தது.

கோமளவல்லி முருங்கைக்காயைக் கடித்தார். "பிஞ்சா இருக்கு, இசக்கியம்மா."

"தெரியும்" என்றாள் அவள்.

சாப்பாடு முடிந்ததும் பர்வீன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், இசக்கி மறு பக்கத்தை. "உள்ள என்னடி, அம்மிக்கல்லா?" என்று திட்டியபடி பர்வீன் அதை விடுதிக்குள் இழுத்துப் போனாள். இருவரும் மறைகிற வரை கோமளவல்லி பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பு எழுதத் தோன்றவில்லை.

தமயந்தி மேடையில் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜாடி பழைய வட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் கோமளவல்லி. "இந்தப் பெண்ணை நம்பலாம்னு எப்போ முடிவு பண்ணினீங்க?"

"நான் எங்க மேடம் முடிவு பண்ணினேன்? ஜாடி இருந்த இடத்துலயே இருக்கட்டும்னு விட்டேன்."