நாமா, நாங்களா?

ஒரு காட்டில், குழந்தைகளே, எதற்குப் பஞ்சம் வந்தாலும் மழைக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக் காடு அது. காலையில் ஒரு மழை, மத்தியானம் ஒரு மழை, இரண்டுக்கும் நடுவில் தூறல். அங்கே யாராவது யாரையாவது வாழ்த்த வேண்டுமென்றால், "உன் வால் எப்போதும் காய்ந்திருக்கட்டும்" என்றுதான் வாழ்த்துவார்கள். அதைவிடப் பெரிய வாழ்த்து அந்தக் காட்டில் கிடையாது.

அந்தக் காட்டின் மலைமேல் மூன்று கரடிகள் இருந்தன. பேராசைக்காரக் கரடிகள். கிடைத்த தேனடையை எல்லாம் ஒரே மரப்பொந்தில் திணித்துக்கொண்டே போயின.

மரங்கொத்தி அந்த மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கரடியாரே, மரம் உளுத்திருக்கிறது. பாரம் தாங்காது" என்றது.

"உனக்குக் கொத்துகிற வேலை. எங்களுக்குச் சேர்க்கிற வேலை. உன் வேலையைப் பார்" என்றன கரடிகள்.

பொந்து நிரம்பியதும் கரடிகள் ஏழு நாள் விருந்து வைத்தன. விருந்துக்குப் போனது ஒரே ஒரு விருந்தாளிதான். அது சிங்க ராஜாவின் மந்திரி நரி.

எட்டாம் நாள் மரம் இரண்டாகப் பிளந்தது. தேன் அத்தனையும் மழைத்தண்ணீரோடு மலையிறங்கிக் கடலுக்குப் போய்விட்டது.

நரி நேராகச் சிங்கத்திடம் ஓடியது. அந்தச் சிங்கம் கெட்டதில்லை. ஆனால் காதில் விழுந்ததை அப்படியே நம்பிவிடும்.

"அரசே, காட்டின் தேன் எல்லாம் தீர்ந்துவிட்டது. கரடியார்கள் பசியோடு மலையிறங்கினால் காடு தாங்குமா? அவர்களுக்கு நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும்" என்றது நரி.

"தேன் எப்படித் தீர்ந்தது?"

"எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே தின்றுவிட்டோம், அரசே."

"அப்படியா! எனக்குத் தேன் ஆகாது. அதனால் தெரியவில்லை" என்றது சிங்கம். "நீயே பார்த்து ஏதாவது செய்."

மறுநாள் நரி பாறைமேல் ஏறி நின்றது. எல்லா விலங்குகளும் கீழே கூடின.

"அன்பர்களே! நாம் ஆடினோம். நாம் பாடினோம். நாம் தேனைத் தின்று தீர்த்தோம். இப்போது நாம் வயிற்றைச் சுருக்க வேண்டிய காலம். இன்று முதல் சுனையில் பத்து மிடறு தண்ணீர் குடித்தால், ஒரு பழம் வைத்துவிட்டுப் போக வேண்டும். பழங்கள் மலைக்குப் போகும்."

"மழைத்தண்ணீருக்கா பழம்?" என்று கேட்டது காட்டுப்பன்றி. அதற்கு மெதுவாகப் பேசவே வராது.

"வானத்தில் இருக்கும்வரை அது மழை. தரையைத் தொட்டால் அரசாங்கத் தண்ணீர்."

சுனைக்கு ஒரு கொக்கு, குட்டைக்கு ஒரு கொக்கு என்று காவல் போட்டார்கள். ஒற்றைக்காலில் நின்று மிடறுகளை எண்ணுவதுதான் அவற்றின் வேலை. பெரிய சுனையில் நின்றது மூத்த கொக்கு. எண்ணிக்கையில் அதற்குப் பிசகே வராது.

"ஏய் தவளை, நீ எத்தனை மிடறு குடித்தாய்?" என்று கேட்டது கொக்கு.

"நான் குடிக்கவில்லை அண்ணே. நனைகிறேன்."

"நனைந்தால் உன் தோல் குடிக்குமே!"

"அப்படியானால் தோலிடம் கேளுங்கள்" என்று சொல்லித் தவளை முங்கிவிட்டது. கொக்கு அன்று முழுவதும் குழம்பிப்போய் நின்றது.

தவளை தப்பித்தது. மான் எப்படித் தப்பும்?

மான் புல் தின்கிற பிராணி. பழத்துக்கு எங்கே போகும்? அதற்குப் பிறந்து நாலே நாளான ஒரு குட்டி வேறு இருந்தது. தாய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால்தான் குட்டிக்குப் பால். மான் நாளெல்லாம் நெல்லிமரத்தடியில் நின்று, அணில் எப்போது ஒரு காயைத் தவறவிடும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு நெல்லிக்காய், பத்து மிடறு. அதற்குமேல் முடியவில்லை.

மடி வற்றத் தொடங்கியது. முதலில் குட்டி முட்டி முட்டி அழுதது. பிறகு முட்டுவதை நிறுத்தியது.

விலங்குகளுக்குக் கோபம் வந்தது. "அரசரிடமே போய்க் கேட்போம்!" என்று புறப்பட்டன. முதல் நாள் காடே திரண்டு குகைக்கு நடந்தது. முன்னால் பன்றி, "தண்ணீருக்குப் பழம் தரமாட்டோம்!" என்று கத்திக்கொண்டு போனது. மலை எதிரொலித்தது.

குகை வாசலில் நரி நின்றது. "அரசர் ஓய்வில் இருக்கிறார். நாளை வாருங்கள்."

நாளையும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் நரி அதையேதான் சொன்னது.

பத்து நாளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மழை விடாமல் பெய்தது. வழியெல்லாம் சேறு. ஒரு மாதம் போனதும் நடப்பதற்கு மிஞ்சியது மூன்றே பேர். மான், பன்றி, அப்புறம் ஒரு முள்ளெலி. முள்ளெலி அதிகம் பேசாது. ஆனால் பேசுகிறவர்களின் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாது.

மரத்திலிருந்து அணில் கேலி செய்தது. "என்ன பன்றியண்ணே, இன்றைக்கும் ஊர்வலமா? மூன்று பேர் போனால் அதற்கு ஊர்வலம் என்று பேர் இல்லை. உலாத்தல்!"

"நீ இறங்கி வந்தால் நாலு பேர் ஆகும்டா, கொறிவாயா!"

அணில் இறங்கவில்லை. ஆனாலும் மான் போகிற வழியில் ஒரு நெல்லிக்காயைத் 'தவற' விட்டது. மான் நின்று, நிமிர்ந்து பார்த்து, தலையசைத்துவிட்டு நடந்தது.

முப்பத்தொன்பதாம் நாள், குகையிலிருந்து திரும்பும்போது மான் நடுவழியில் நின்றுவிட்டது.

"நாளைக்கு நான் வரமாட்டேன். குட்டி இன்று கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் காதை மட்டும் ஆட்டுகிறது. கடைசி நேரத்தில் பக்கத்திலாவது இருக்கிறேன்" என்றது.

பன்றி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டது.

முள்ளெலி கொஞ்சம் யோசித்தது. "அக்கா, நாளை ஒரே ஒரு நாள் வாருங்கள். நாளைக்கு நாம் கத்த வேண்டாம்."

"கத்தாமல் நடக்கவா நான் பன்றியாகப் பிறந்தேன்?" என்றது பன்றி.

"ஒரே ஒரு நாள், அண்ணே. எனக்காக வாயை மூடிக்கொண்டு வாருங்கள்."

நாற்பதாம் நாள் காலை. மூன்று பேரும் சத்தமில்லாமல் நடந்தார்கள். பன்றி கன்னம் இரண்டும் உப்பிப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது.

காடு திடுக்கிட்டது. "என்ன இது, பன்றியின் குரலைக் காணோம்?" என்றது முயல். "ஐயோ, அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று அணில் மரத்திலிருந்து குதித்தது. மரங்கொத்தி பறந்தது. தவளை தத்தித் தத்தி ஓடியது. வீட்டோடு இருந்துவிட்ட எல்லோரும் பதறிக்கொண்டு குகைப் பக்கம் ஓடிவந்தார்கள்.

குகைக்குள்ளும் ஒருவர் திடுக்கிட்டார். நாற்பது நாளில் முதல் முறையாகச் சிங்கமே எழுந்து வெளியே வந்தது.

"எங்கே அந்தப் பன்றி? அவன் கத்தலில்தான் தினமும் கண் விழிக்கிறேன். இன்று விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை! உடம்புக்கு முடியவில்லையா?"

"இங்கேதான் இருக்கிறேன், அரசே" என்றது பன்றி, தன் வாழ்நாளில் முதல் முறையாக மெதுவாக.

நரி குறுக்கே வந்தது. "அரசே, நீங்கள் உள்ளே போங்கள். நான் பேசி அனுப்புகிறேன்."

"இரு. நானே கேட்கிறேன். என்ன வேண்டும் உங்களுக்கு?"

பன்றி வாயைத் திறப்பதற்குள் முள்ளெலி முன்னால் வந்து வணங்கியது.

"அரசே, புகார் சொல்ல வரவில்லை. நாம் எல்லோரும் தேன் தின்று தீர்த்தோம் என்று மந்திரியார் சொன்னார். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுக்கு ஞாபகமறதி. தின்ற ருசி நாக்கில் இல்லை. அந்த விருந்து எப்படி இருந்தது என்று மந்திரியாரின் வாயால் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். மனசாரப் பழம் கொடுத்துவிட்டுப் போவோம்."

"இவ்வளவுதானா? சொல்லேன், நரி" என்றது சிங்கம்.

நரிக்கு ஊர் கூடி நின்று தன் பேச்சைக் கேட்டால் போதும், தலைகால் புரியாது. அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நாம் தின்ற விருந்து இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வேன்! முதல் நாள் நல்ல மழை. நாங்கள் கரடிக் குகைக்குள்ளே கதகதப்பாக உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் என்றால் மூன்று கரடியார்களும் நானும். ஆளுக்கொரு தேனடை. அடடா, மலைத்தேன்! நாங்கள் நக்குகிறோம், நாங்கள் விழுங்குகிறோம், வழிந்ததைத் துடைக்கக்கூட எங்களுக்கு நேரமில்லை."

"அப்புறம்?" என்றது முள்ளெலி, கண்களை அகல விரித்து.

"மூன்றாம் நாள் நடந்ததுதான் வேடிக்கை. இதோ நிற்கிறதே இந்த மான், வயிற்றுப்பிள்ளைக்காரி, மழைக்கு ஒதுங்கவென்று வாசலில் வந்து நின்றது. 'நாங்கள் சாப்பிடுகிற இடத்தில் உனக்கு என்ன வேலை?' என்று விரட்டினோம் பாருங்கள், சறுக்கி விழுந்து ஓடியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பெரிய கரடியாருக்குப் புரையேறிவிட்டது!"

மான் தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் கதையை அது அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நரி நிறுத்தவில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஏழாம் நாள் வரைக்கும் கதை நீண்டது. சொல்லி முடித்து, பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்து பார்த்தது.

எல்லோரும் மானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது, "பத்தொன்பது" என்று ஒரு குரல் கேட்டது.

மூத்த கொக்குதான். முந்தின நாள் மிடறுக் கணக்கைச் சொல்வதற்காக வந்து ஒற்றைக்காலில் நின்றிருந்தது.

"என்ன பத்தொன்பது?" என்றது சிங்கம்.

"மன்னிக்க வேண்டும், அரசே. பழக்கதோஷம். எது கேட்டாலும் எண்ணிவிடுகிறேன். மந்திரியார் 'நாங்கள்' என்று சொன்னது பத்தொன்பது முறை. 'நாம்' என்று சொன்னது ஒரே முறை. அதுவும் ஆரம்பத்தில், தொண்டையைச் செருமிய கையோடு."

முள்ளெலி மெதுவாகக் கேட்டது. "மந்திரியாரே, தேன் தின்னும்போது நாங்கள். வயிற்றைச் சுருக்கும்போது மட்டும் நாமா?"

சிங்கம் நரியைத் திரும்பிப் பார்த்தது. "அந்தப் பத்தொன்பதில் நான் ஒன்றிலாவது இருந்தேனா?"

நரி வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிக்கொண்டது.

"பன்றி இருந்தானா? முயல் இருந்தானா?"

"இல்லை, அரசே..."

"அப்படியானால் அந்த 'நாங்கள்' எல்லோரும் சேர்ந்து மலைமேல் போய், தின்று தீர்த்த தேனை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீயும் போ. இனி எனக்கு மந்திரி வேண்டாம். எனக்கும் இரண்டு காது இருக்கிறது, நடக்க நாலு கால் இருக்கிறது. இனி நானே சுனைக்கு வந்து கேட்டுக்கொள்கிறேன். கொக்குகளே, வீட்டுக்குப் போங்கள். மலையில் குவிந்த பழத்தை எல்லாம் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்."

பன்றி பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், மலையில் இருந்த மூன்று கரடிகளும் உட்கார்ந்த இடத்திலிருந்து உருண்டன.

மான் அதைக் கேட்க அங்கே இல்லை. தீர்ப்பு வந்த கணமே சுனைக்கு ஓடியிருந்தது. எண்ணாமல் குடித்தது. அந்தி சாயும்முன் மடியில் பால் சுரந்தது. குட்டியின் வாயில் முதல் சொட்டு விழுந்தபோது அது காதை ஆட்டியது. இரண்டாம் சொட்டுக்குக் கண்ணைத் திறந்தது. பிறகு தட்டுத் தடுமாறி எழுந்து, ஒரு முட்டு முட்டியது.

மறுநாள் காடே சுனையில் கூடியது. மான் முதலில் முள்ளெலியிடம் போய்த் தலைவணங்கியது.

"எனக்கு எதற்கு அக்கா நன்றி? பன்றியண்ணன் முப்பத்தொன்பது நாள் கத்தியதால்தான் ஒரு நாள் கத்தாதது எல்லோருக்கும் கேட்டது" என்றது முள்ளெலி.

பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. "சேறு தெறித்துவிட்டது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அணில் தயங்கித் தயங்கி வந்தது. "நாங்கள் பாதியில் நின்றுவிட்டோமே, அக்கா..."

"கடைசியில் ஓடி வந்தீர்களே. நீ போட்ட நெல்லிக்காயில்தான் என் குட்டி இத்தனை நாள் உயிரோடு இருந்தது" என்றது மான்.

அப்போது புதர் அசைந்தது. மூன்று கரடிகளும் நரியும் வந்து எட்டத்தில் நின்றன. தேனெடுக்கப் போய்த் தேனீயிடம் கொட்டு வாங்கி, மூக்கெல்லாம் வீங்கியிருந்தது. தாகம். ஆனால் பக்கத்தில் வரத் துணிவில்லை.

"வரட்டும், வரட்டும். மிடறுக்கு ஒரு பழம் கேட்போம்" என்று உறுமியது பன்றி.

மான் சற்று விலகி நின்று, தன் பக்கத்தில் இடம் விட்டது.

"ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்? வாருங்கள். நாம் குடிப்போம்."

பெரிய கரடி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. குடிப்பதற்கு முன்னால் மான்குட்டியைப் பார்த்து, "உன் வால் எப்போதும் காய்ந்திருக்கட்டும், தாயே" என்றது.

எல்லோரும் குனிந்தார்கள். பழக்கதோஷத்தில் கொக்கு "ஒன்று..." என்று ஆரம்பித்தது. பிறகு தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு, தூக்கி வைத்திருந்த காலைக் கீழே ஊன்றி, அதுவும் குடித்தது.

நீதி: விருந்தில் 'நாங்கள்' என்றவர்கள் பட்டினியில் 'நாம்' என்றால், "யார் யார்?" என்று கேட்க வேண்டும்.