நூற்றுக்கு நூறு வாங்கிய ட்ரோன்

சிவசைலத்துக்கு ஐம்பத்தாறு வயது. ராணுவத்துக்கு ட்ரோன் செய்யும் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவின் தலைவர். அவருடைய குரு அருள்மொழி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மலையடிவாரத்தில் அம்மாவுக்குச் சின்ன ஆசிரமம், அதன் பின்னால் ஒரு கடலைக் கொல்லை.

அன்று காலை சிவசைலம் ட்ரோன் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அம்மா, ஒரு கேள்வி. மனுஷன் துணையில்லாம ட்ரோன் தானே பார்த்து, தானே முடிவு பண்ணிச் சுடணும். இன்னைக்கு இருக்கிற தொழில்நுட்பத்துல இது ஆகுமா?"

"உங்க சோதனை என்ன சொல்லுது?"

"நூறு தடவை விட்டோம். நூறும் சரி. நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டா எல்லைக்குப் போயிடும்."

"அப்புறம் என்ன?"

"நூறும் சரின்னு வந்ததுதாம்மா உறுத்துது."

நியாயம்தான். எல்லாப் பாடத்திலும் நூறு வாங்கி வரும் பிள்ளை மேல் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூன்று வாரமாகச் சோதனை அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டார். ஓட்டை அகப்படவில்லை.

"பறக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கொல்லைக்குள் இறங்கிக் களை பறிக்கக் குனிந்தார்.

பெட்டியில் இருந்தது ஆயுதம் இல்லாத ட்ரோன். ஆனால் மூளை அதே மூளை. ஊர்க்காரர் என்றால் திரையில் பச்சைக் கட்டம் போடும், எதிரி என்றால் சிவப்பு. அது கொல்லைக்கு மேலே போய் நின்றது. அம்மா தலை நிமிரவில்லை.

திரையில் அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது.

சிவசைலத்துக்கு உயிரே போய்விட்டது. "அம்மா!" என்று கத்தினார்.

அம்மா நிமிர்ந்து ட்ரோனைப் பார்த்தார். கட்டம் பச்சையானது. மறுபடி குனிந்தார். சிவப்பு.

சிவசைலம் ஓடிப்போய்ச் சொன்னார். அம்மா கேட்டார்:

"சோதனையில ஊர்க்காரங்களா யாரை நிக்க வச்சீங்க?"

"பக்கத்து ஊர்லேர்ந்து லாரியில கூட்டிட்டு வந்தோம். ட்ரோனைப் பார்த்ததும் எல்லாரும் வாயைப் பிளந்துக்கிட்டு அண்ணாந்து..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிரியாக நடித்தவர்கள் துப்பாக்கி ஏந்திய பட்டாளத்து ஜவான்கள். மேலே எது பறந்தாலும் முகத்தைக் காட்டாதே என்று அவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவது வழக்கம். அவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்திருக்கவில்லை. அந்த மூளை துப்பாக்கியையா பார்த்தது? தலை நிமிர்கிறதா என்றல்லவா பார்த்திருக்கிறது!

அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஓட்டை அகப்பட்ட நிம்மதியும்.

"ஒரு மாசம் போதும்மா. குனிஞ்சு வேலை செய்யறவங்களையும் காட்டிச் சொல்லிக் கொடுத்துடுவேன். இந்த ஒரு தப்புதான். அப்புறம் தைரியமாக் கையெழுத்துப் போடலாம்."

அம்மா வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் களையை வரப்பில் போட்டார்.

"இந்தத் தப்பு தெரியறதுக்கு நான் குனிஞ்சேன், சிவசைலம். அடுத்த தப்பு தெரியறதுக்கு எல்லையில யார் குனியணும்?"