மரியாதை வேட்டு

ஒரு ஊர்ல ஒரு வெடிக்காரி இருந்தா. செம்பாயின்னு பேரு. காலை ஒதைக்காத, போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கோ. ம் கொட்டிக்கிட்டே கேளு. உன் ம் நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

அந்த ஊரு கடலோரத்துல இருந்துச்சு. சங்கேணிப்பட்டினம். அப்போல்லாம் இன்ஜின் வெச்ச கப்பலே கெடையாது கண்ணு, எல்லாம் பாய்மரம். காத்து அடிச்சா போகும், காத்து நின்னா நடுக்கடல்ல சும்மா கெடக்கும். தூரதேசத்துலேருந்து தொப்பிக்காரங்க பெரிய பெரிய கப்பல்ல வருவாங்க. நம்ம துணிக்காகவும் மொளகுக்காகவும் வந்தவங்க, வந்த எடத்துல ஒருத்தனை ஒருத்தன் பீரங்கியால அடிச்சுக்குவாங்க. அவங்க சண்டையை அவங்க ஊர்லயே போட்டுத் தொலைச்சிருக்கலாம். யாரு சொல்லி யாரு கேக்குறா?

ம்? சரி.

செம்பாயி புருஷன் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வேட்டு போடுறவன். ஒரு வருஷம் வெடிமருந்து இடிக்கையில ஒரு பொறி பறந்துச்சு. டமார்! அவன் போய்ச் சேந்துட்டான். அழுது முடிச்சுட்டு அவளே ஒலக்கையைக் கையில எடுத்தா. ஆனா மகன் சிங்காரத்தை மட்டும் மருந்துப் பக்கமே விடல. "எனக்குன்னு மிச்சம் நீ ஒருத்தன்தான். போடா, போய்ப் படகு வலி"ன்னு கடலுக்கு அனுப்பிட்டா. அவனும் நல்ல படகுக்காரனா தேறிட்டான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

அப்போ ஒரு நாள் காலையில, வாடைக்காத்து பொறக்கப்போற சமயம், பெரிய போர்க்கப்பல் ஒண்ணு வந்து தூரத்துல நங்கூரம் போட்டுச்சு. கறகறகற... தொபுக்! பக்கமெல்லாம் ஓட்டை, பாயெல்லாம் கிழிசல். எங்கயோ அடிவாங்கிட்டு வந்திருக்கு. வந்ததும் பீரங்கியை எடுத்துச்சு. டும்... டும்... டும்...

சனங்க ஓட ஆரம்பிச்சுட்டாங்க. துபாஷி வைத்திலிங்கம் பிள்ளை கையை ஆட்டிக்கிட்டே குறுக்க வந்தாரு. துபாஷின்னா தொப்பிக்காரன் பேசுறதை நமக்குச் சொல்லி, நாம பேசுறதை அவனுக்குச் சொல்றவரு. "ஓடாதீங்க! அது குண்டு இல்ல, வெறும் மருந்து. ஊருக்கு மரியாதை பண்றான். நாமளும் அவன் அடிச்ச கணக்குக்குத் திருப்பி அடிக்கணும். அதுதான் அவங்க வழக்கம்"னாரு.

ஊர்ல ஏது பீரங்கி? ஊர்த்தலைவரு, நாட்டாருன்னு சொல்லுவாங்க, அவரு செம்பாயியைக் கூப்பிட்டு, "கோயில் வேட்டைப் போட்டுவிடும்மா"ன்னாரு.

கோயில் வேட்டு எப்படின்னு தெரியுமா? இரும்புக் குழாய்ல ஒரு பிடி மருந்தைப் போட்டு, மேல செங்கத்தூளை இடிச்சு அடைச்சு, மணல்ல வரிசையா நட்டுருவாங்க. எல்லாத்துக்கும் ஒரே திரி. இந்தக் கோடியில தீ வெச்சா அந்தக் கோடிவரைக்கும் போய்த்தான் நிக்கும். அம்மனுக்கு யாரு எண்ணி அடிப்பாங்க? செம்பாயி வழக்கம்போல நீளமா நட்டு, வழக்கம்போலத் திரியைப் பத்த வெச்சுட்டா. டம், டம், டம், டம்... கணக்கு முடிஞ்சும் அது பாட்டுக்குப் போகுது. துபாஷி தலையில அடிச்சுக்கிறாரு. "நிறுத்து செம்பாயி, நிறுத்து!" எங்க நிறுத்துறது?

எல்லாம் வெடிச்சு ஓஞ்சுது. அப்புறம் பாரு, கப்பல்லேருந்து மறுபடியும் டும், டும், டும்! ஊரு கூடுதலா மரியாதை பண்ணிருச்சாம், அந்தக் கூடுதலுக்கும் அவன் திருப்பி அடிக்கிறான். செம்பாயி வாயில கையை வெச்சுக்கிட்டு நின்னா.

தூங்கிட்டியா? ம். சரி சரி.

துபாஷி கட்டுமரத்துல ஏறிக் கப்பலுக்குப் போனாரு. போகும்போது கம்பீரமாத்தான் போனாரு. திரும்பி வரும்போது மொகத்துல ரத்தமே இல்ல.

"கப்பல்ல பாதிப் பேரு செத்துட்டான். ஈறு வீங்கி, பல்லெல்லாம் ஆடி, மிச்சப் பேரும் படுத்துக் கெடக்கான். பாய் ஏத்த ஆள் கெடையாது. வாடை பொறந்துட்டா இந்தக் கரையில கப்பல் தாங்காது, ஒடைஞ்சுரும். அதனால கப்பல் தலைவன், கப்பித்தான்னு சொல்றாங்க, நம்ம படகுக்காரப் பயலுகளைக் கேக்குறான். நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள நாமளே படகுல ஏத்தி அனுப்பணுமாம். இல்லேன்னா பீரங்கியால ஊரைத் தரைமட்டம் ஆக்கிருவானாம்."

"எப்போ திருப்பி அனுப்புவான்?"னு நாட்டாரு கேட்டாரு.

"திருப்பி அனுப்புற பேச்சே இல்ல"ன்னாரு துபாஷி.

என்ன கேட்ட? அவனே எறங்கி வந்து புடிச்சுக்கிட்டுப் போகலாமேன்னா? நல்லாக் கேட்ட. அந்தக் கரையில அலை அப்படி. அவன் படகு ஆணி அடிச்ச படகு, அலையில மாட்டினா படார்னு பொளந்துரும். நம்ம படகு கயிறு போட்டுத் தைச்சது, அடிக்கு வளைஞ்சு குடுக்கும். நம்ம ஆளு வலிச்சாத்தான் அவன் கரைக்கு வரலாம், தண்ணிகூட நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும். ஆனா பீரங்கிக் குண்டுக்கு அலை ஏது?

அப்போ சிங்காரம் முன்னால வந்து, "ஆத்தா, நாங்க போறோம். எங்களால ஊரு அழிய வேணாம்"னான்.

"வாயை மூடு"ன்னா செம்பாயி. மருந்து தின்னுரும்னு பயந்து கடலுக்கு அனுப்பினா, இப்போ கடல் கேக்குது புள்ளையை. யாரைப் போய் ஏசுறது?

அப்புறம் நேரா துபாஷிகிட்ட வந்தா.

"ஐயா, இந்த மரியாதை அடிச்சா, அவன் திருப்பி அடிச்சே ஆகணுமா?"

"ஆகணும். இல்லேன்னா மானக்கேடு. அதுலயும் இந்தக் கப்பித்தான் மரியாதைப் பைத்தியம். மீசைக்குத் தனியா ஒரு ஆளு வெச்சிருக்கான்."

"எத்தனை தடவை அடிச்சாலுமா?"

"எத்தனை தடவையானாலும்... ஏன் கேக்குற?"

"நமக்கு ஒரு வேட்டுக்கு ஒரு பிடி மருந்து. அவன் பீரங்கிக்கு?"

துபாஷி யோசிச்சாரு. "அரை மூட்டை போகும். அதுவும் அவன் இப்பத்தான் ஒரு சண்டையை முடிச்சுட்டு..." சொல்லிக்கிட்டே வந்தவரு பாதியில நிறுத்திட்டாரு. அவருக்கும் வெளங்கிருச்சு. "அடிப்பாவி!"ன்னாரு.

அம்மன் திருவிழாவுக்குன்னு பானை பானையா மருந்து இடிச்சு வெச்சிருந்தா செம்பாயி. எல்லாத்தையும் வெளிய எடுத்தா. பூசாரி, "அது சாமிக்கு வெச்சதும்மா"ன்னாரு. "சாமிக்குத் தெரியும், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க"ன்னா. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வந்து ஒக்காந்து செங்கல் இடிச்சாங்க. டங்கு, டங்கு, டங்கு.

அன்னைக்குச் சாயங்காலம் துபாஷி கப்பலுக்குப் போனாரு. "உங்க ராஜா பேரைச் சொல்லி எங்க ஊரு மரியாதை பண்ண ஆசைப்படுது"ன்னாரு. கப்பித்தானுக்குச் சந்தோஷம். ஊரு பயந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டான். செம்பாயி திரியைப் பத்த வெச்சா. டம், டம், டம்... கப்பல் பதில் சொல்லுச்சு. டும்ம்... டும்ம்... டும்ம்... கடலே தெரியல, அவ்வளவு புகை. துபாஷி திரும்பி வந்து, "பீரங்கிக்காரன் ஒத்தைக்கண்ணன் ஒருத்தன் இருக்கான். மருந்து கொறையுதுன்னு மெல்லச் சொன்னான், கப்பித்தான் காதுல வாங்கல"ன்னாரு.

"காலையில மறுபடியும் போங்க"ன்னா செம்பாயி.

விடிஞ்சுது. துபாஷி போயி, "உங்களைப் பெத்த மகராசிக்கு எங்க ஊரு மரியாதை"ன்னாரு. அம்மா பேரைச் சொன்னா யாரு மாட்டேன்னு சொல்லுவா? கப்பித்தான் தொப்பியைக் கழட்டிட்டு நின்னானாம், கண்ணுல தண்ணியாம். டம், டம், டம்னு இங்க. டும்ம், டும்ம்னு அங்க. ஒத்தைக்கண்ணன் இந்தத் தடவை சத்தமாவே கத்தினானாம். "ராஜாவுக்கு அடிச்ச கணக்கு எங்கம்மாவுக்குக் கெடையாதா?"ன்னு கப்பித்தான் அவனை ஏசிட்டானாம்.

அதைக் கேட்டு சிங்காரம் சிரிச்சான். செம்பாயி சிரிக்கல. பானை காலியாகிக்கிட்டே வருது, வெயிலும் ஏறிக்கிட்டே வருது.

மூணாவது தடவை போறதுக்கு துபாஷிக்கு மனசே இல்ல. ஆனாலும் போனாரு மனுஷன். "கப்பித்தான் துரையே, உங்களை வெறும் கப்பித்தான்னு கூப்பிட எங்க ஊருக்கு மனசு வரல. பெரிய தளபதிக்கு அடிக்கிற கணக்குல உங்களுக்கே ஒரு மரியாதை"ன்னாரு. அவனுக்கு வாழ்நாள் பூரா அந்த ஆசைதான். அவங்க ஊர்ல எவனும் தரல, சங்கேணிப்பட்டினம் தருது. விடுவானா? செம்பாயி பானையைக் கவுத்துத் தட்டி, கடைசித் தூளு வரைக்கும் வழிச்சுப் போட்டா. டம், டம், டம், டம்! கப்பல் பதில் சொல்லுச்சு. டும்ம்... டும்ம்... அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, டும்ம்.

ஆனா துபாஷி திரும்பி வரல. பயலுக வர்றவரைக்கும் இங்கயே இருன்னு கப்பித்தான் அவரைப் புடிச்சுக் கப்பல்லயே வெச்சுக்கிட்டான். அதனால அங்க மருந்து தீந்துச்சா, இன்னும் இருக்கான்னு சொல்ல ஆளில்ல. இவகிட்ட ஒரு சிட்டிகைகூட மிச்சமில்ல.

ம்? முழிச்சிருக்கியா? அப்போ கேளு.

உச்சிப்பொழுது வந்துச்சு. ஒரு படகும் போகல. ஊரே மணல்மேட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. செம்பாயி மட்டும் கரையில நின்னா. "ஆத்தா, வா!"ன்னு சிங்காரம் கத்துறான். "நீ தலையைத் தூக்குன, மவனே, நானே கொன்னுருவேன்"னு திரும்பிப் பாக்காம சொன்னா. அவளுக்குப் பயம் இல்லன்னு நெனைக்காத. கணக்குத் தப்பியிருந்தா ஊரையே கொன்னவ அவதான், மகனும் போயிருவான்.

கப்பல்ல ஒரு பீரங்கி மெதுவா ஊரைப் பாத்து மூஞ்சியைத் திருப்புச்சு. கிறீச்ச்ச்... இந்தத் தடவை வெறும் மருந்து இல்ல, குண்டு. தீ வெச்சாங்க.

புஸ்ஸ்ஸ்... டொம்.

சத்தத்தைக் கேட்டதுமே செம்பாயிக்குத் தெரிஞ்சுபோச்சு. பீப்பாய் அடியைச் சொரண்டி எடுத்த மருந்தோட சத்தம் அது. குண்டு சோம்பேறித்தனமா எழும்பி வந்து, பாதி வழியில அலைக்குள்ள தொபுக்னு விழுந்துச்சு. ரெண்டு மீன் துள்ளுச்சு, அவ்வளவுதான்.

அடுத்த குண்டுக்காக நின்னா. வரல. இன்னும் நின்னா. வரவே இல்ல.

அப்புறம் துபாஷியைக் கட்டுமரத்துல ஏத்தி அனுப்பினான் கப்பித்தான். கரையில எறங்கினவரு, சிரிக்கிறதா அழறதான்னு தெரியாம, "செம்பாயி, கப்பித்தான் கேக்குறான், உங்க ஊர்ல கொஞ்சம் மருந்து கெடைக்குமான்னு"ன்னாரு.

"சாமிக்கு வெச்சதையே அவனுக்கு மரியாதை பண்ணித் தீத்துட்டோம்னு சொல்லுங்க"ன்னா.

துபாஷி திரும்பினாரு. செம்பாயி, "நில்லுங்க"ன்னா. வீட்டுக்குள்ள போயி ரெண்டு கூடை எலுமிச்சம்பழம் கொண்டாந்து கட்டுமரத்துல வெச்சா. "பல்லு ஆடுற பயலுகளுக்கு. புளிச்சதைத் தின்னா ஈறு கட்டும்." நாட்டாருக்குக் கோவம். "புள்ளைங்களைத் தூக்கவந்தவனுக்குப் பழமா?"ன்னு குதிச்சாரு. "தூக்கவந்தது கப்பித்தான். பாய்க்கு அடியில படுத்துக் கெடக்குறவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பா, அவளுக்கு யாரு வேட்டு போட்டா?"ன்னு கேட்டுட்டு அவ பாட்டுக்கு நின்னா. நாட்டாரே கட்டுமரத்தைத் தள்ளிவிட்டாரு.

பொழுது சாயறதுக்குள்ள நங்கூரத்தைத் தூக்குனாங்க. எந்திரிச்சு நிக்க முடிஞ்ச நாலு ஆளு தள்ளாடித் தள்ளாடிப் பாயை ஏத்துனாங்க. கப்பல் மெல்லத் திரும்புச்சு. கரையை விட்டுப் போற கப்பல் ஒரு மரியாதை அடிச்சுட்டுத்தான் போகணும், அதுவும் வழக்கம். இவங்க எதை வெச்சு அடிப்பாங்க? ஊரே கரையில நின்னு வேடிக்கை பாக்குது.

அப்போ, கஷ்டப்பட்டு ஏத்தின மேல்பாயை அந்தப் பயலுக பாதிக்கு எறக்குனாங்க. கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னு, மறுபடியும் ஏத்துனாங்க. டம்முனு இல்ல, டும்முனு இல்ல.

"அது என்னத்துக்கு?"ன்னு செம்பாயி கேட்டா.

"மருந்து இல்லாத கப்பல் பண்ற பெரிய மரியாதை அது"ன்னாரு துபாஷி. "கப்பித்தான் சொல்லிப் பண்ணல. அவன் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். பாயைப் புடிச்சவங்க பண்ணது. உனக்குத்தான் செம்பாயி."

திருப்பி மரியாதை பண்ண அவ கையில ஒரு வேட்டு இல்ல, எறக்க ஒரு பாய் இல்ல. அப்பத்தான் அழுகை வந்துச்சு, ரெண்டு நாளா அடக்கி வெச்ச அழுகை. சிங்காரம் ஓடிவந்து தோளைப் புடிச்சான். அவன் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, கப்பல் கண்ணுக்கு மறையறவரைக்கும் அவ விடவே இல்ல. "ஆத்தா, கை வலிக்குது"ன்னான் அவன். "வலிக்கட்டும்"னா.

அவ்வளவுதான். கப்பல் போயிருச்சு, கதையும் கரை சேந்துருச்சு. நீயும் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கு.